பணம் பட்டாவுக்கா, பாடுபடுறவங்களுக்கா?

(ஆம்பூர் வட்டார விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். படியுங்கள், பகிருங்கள்.)

உழவர் பெருமக்களே, தாய்மார்களே, ஷூ கம்பெனி ஷிஃப்ட் முடிச்சிட்டு நேரா இங்க வந்து நிக்கிற தோழர்களே!

பி.எம். கிசான் பத்திப் பேச வந்திருக்கேன். வருஷத்துக்கு 6,000 ரூபாய், நாலு மாசத்துக்கு ஒருமுறை 2,000. 2019 பிப்ரவரியில் தொடங்கின திட்டம். 2,000 ரூபாய் எம்மாத்திரம்னு சிலர் கேப்பாங்க. விதைக்கிற நேரத்துல கைமாத்துக்கு அலைஞ்சவங்களுக்குத் தெரியும் அதோட அருமை.

2020-ல், கொரோனா காலத்துல என்ன நடந்துச்சு? அதிகாரிகளோட பாஸ்வேர்டு தரகர்கள் கைக்குப் போச்சு. விவசாயியே இல்லாதவங்க பேரையெல்லாம் சேர்த்தாங்க. தமிழ்நாட்டில் தகுதியில்லாதவங்க சுமார் 5.5 லட்சம் பேர், போன பணம் சுமார் 110 கோடி ரூபாய். அன்றைய வேளாண்துறைச் செயலாளரே சொன்ன கணக்கு இது. முறைகேடு நடந்த மாவட்டங்களில் நம்ம வேலூரும் ராணிப்பேட்டையும் உண்டு. சி.பி.சி.ஐ.டி. விசாரணை வரைக்கும் போச்சு.

இப்போ ஆதார், கே.ஒய்.சி., நில ஆவணம், தனி அடையாள எண்னு வரிசையா கேக்குறாங்க. ஓட்டையை அடைக்கட்டும், நாம வேண்டாம்னு சொல்லல. ஆனா அடைச்ச கதவுக்கு வெளியே நிக்கிறது யாரு?

தாத்தா செத்து இருபது வருஷம் ஆகியும் பட்டா அவர் பேர்லயே இருக்கிற குடும்பம். கூட்டுப் பட்டாவுல பேர் ஏறாத விதவைத் தாய். அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பாடுபடுற விவசாயி. குத்தகைக்காரருக்கு இந்தத் திட்டத்துல இடமே கிடையாது. பட்டாக்காரர் சென்னையில இருந்தாலும் பணம் அவருக்குத்தான். நட்டம் வந்தா அது குத்தகைக்காரர் தலையில!

நம்ம பாலாற்றுப் பகுதிக்கு இன்னொரு வேதனையும் இருக்கு. தோல் கழிவுநீரால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுசாவோ பாதியாவோ பாழாச்சுன்னு 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே பதிவு பண்ணிச்சு. இழப்பீடு இன்னும் கிடைக்காதவங்களுக்கு ஆறு வாரத்துல கொடுங்க, மாசுபடுத்தினவங்ககிட்ட அரசு வசூல் பண்ணிக்கட்டும்னு அதே நீதிமன்றம் மறுபடியும் சொன்னது 2025 ஜனவரி 30-ல். தரகருக்குச் சில மாசத்துல பணம் போகுது. நிலத்தை இழந்தவர் 28 வருஷம் காத்துக் கிடக்கணுமா?

தோல் தொழில் நமக்கு எதிரி இல்ல. நம்ம வீட்டுப் பெண்கள் அங்கதான் வேலைக்குப் போறாங்க. காலையில கம்பெனி, சாயங்காலம் கழனினு வாழுற குடும்பங்கள் நாம. ரெண்டு பக்கமும் நியாயம் வேணும், அவ்வளவுதான்.

நம்ம கோரிக்கை மூணு.

ஒன்று: ஊர் ஊரா முகாம் போட்டு வாரிசுப் பட்டா மாத்திக் கொடுங்க.

இரண்டு: குத்தகை விவசாயியையும் உதவித்தொகையில் சேருங்க. பேர்ணாம்பட்டு மலையைத் தாண்டினா ஆந்திரா. அங்க 2019-லேயே பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைக் குத்தகை விவசாயிகளை மாநிலத் திட்டத்துல சேர்த்தாங்க. குத்தகையைப் பதிவு செய்ய நம்மகிட்ட 1969-லிருந்து சட்டம் இருக்கு. அதைப் பயன்படுத்துங்க.

மூன்று: பயனாளிகள் பட்டியலைக் கிராமசபையில் வாசிங்க. உழுறவங்க யாருன்னு ஊருக்குத் தெரியும். ஊர் பார்க்கிற பட்டியல்ல போலிப் பேர் நிக்காது.

கிளைத் தோழர்களே, உங்களுக்கு ஒரு வேலை. வீடு வீடா போங்க. யாருக்குப் பணம் நின்னுச்சு, எதனால நின்னுச்சு, ஆதாரா, வங்கிக் கணக்கா, பட்டாவானு ஒரு நோட்டுல எழுதுங்க. வி.ஏ.ஓ. ஆபீசுக்குத் தனித்தனியா போனா "நாளைக்கு வா"ன்னுதான் பதில் வரும். அந்த நோட்டோட ஊரா சேர்ந்து போவோம். வாங்கிட்டுத்தான் திரும்புவோம்!