விளையாட்டுக் கணினியும் விரலுக்கேற்ற வீக்கமும்



வீட்டினுள் புதிய பொருளொன்று நுழையும்போது, அதனோடு புதிய கணக்கொன்றும் நுழைந்துவிடுகிறது. தையல் இயந்திரம் வந்த காலத்திலும் தொலைக்காட்சி வந்த காலத்திலும் இதுவே நிகழ்ந்தது. இன்று கிழக்குக் கரையோர ஊர்களிலே பல வீட்டு வாசல்களில் வந்து நிற்பது விளையாட்டுக் கணினி என்னும் புதிய ஆசை.

சாய்ந்தமருதூரை எடுத்துக்கொள்வோம். கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே நெல்வயல், நடுவே கல்முனையையும் காரைதீவையும் தொடுத்துச் செல்லும் நெடுஞ்சாலை. சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடித்துப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மகன், “வாப்பா, எனக்கொரு கேமிங் கொம்பியூட்டர் வேணும்” என்கிறான். வாப்பாவின் கையில் இருப்பதோ சீட்டு எடுத்த காசு, அல்லது கட்டாரிலிருந்து மூத்த மகன் அனுப்பிய பணம். சில வீடுகளில் அது உம்மாவின் காப்பாகவும் இருக்கக்கூடும். இத்தகைய பணத்தில் வாங்கிய கணினி மூன்றாம் மாதத்தில் புகைந்து அணைந்து போனால், இழப்பு பணத்தோடு நின்றுவிடுமா? அடுத்த முறை மகன் கேட்கும் நியாயமான பொருளுக்கும் வீட்டிலே செவி கிடைக்காமற் போகும். ஆகவே, இதனை வீட்டார் யாவரும் கூடி அமர்ந்து பார்க்க வேண்டிய கணக்கு எனலாம்.

கடைக்குச் செல்லுமுன் விடைகாண வேண்டிய முதற் கேள்வி, எந்த விளையாட்டை விளையாடப் போகிறோம் என்பதே. வலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகள் மிதமான கணினியிலும் ஓடும். 2013 இல் வெளிவந்து இன்றும் விளையாடப்படும் ஜி.டி.ஏ. 5 உம் அத்தகையதே. அண்மைக்காலத்தில் வெளிவந்த பெரிய கதை விளையாட்டுகளோ பெருஞ்செலவைக் கோருபவை. நண்பன் வீட்டில் எது இருக்கிறதென்று பார்த்து ஆசைப்படுவதைவிட, தனக்கு வேண்டிய விளையாட்டுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு தொடங்குவது நன்று. ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று முன்னோர் கூறினார்கள் அன்றோ?

அடுத்து, கணினியின் உறுப்புகளை அறிதல் வேண்டும். கணக்கிடும் தொழிலைச் செய்வது செயலி. திரையில் தோன்றும் காட்சியைத் தீட்டுவது வரைகலை அட்டை. வேலை நடக்கும்போது தரவை ஏந்தி நிற்பது நினைவகம், அதாவது ரேம். விளையாட்டைச் சேமித்து வைப்பது எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகம். இவை அனைத்தையும் இணைப்பது தாய்ப்பலகை. அனைத்துக்கும் மின்னூட்டுவது பவர் சப்ளை என்னும் மின்வழங்கி.

இவற்றுள் ஒன்று மட்டும் உயர்ந்து ஏனையவை தாழ்ந்திருந்தால் பயன் இல்லை. இங்கினியாகலையில் கல்லோயாவை மறித்துக் கட்டிய சேனாநாயக்க சமுத்திரம் நிறைந்து ததும்பினாலும், வயலுக்கு வரும் வாய்க்கால் ஒடுங்கியிருந்தால் அந்த ஒடுங்கிய வாய்க்கால் விடும் தண்ணீரே பயிருக்குக் கிடைக்கும். விலையுயர்ந்த வரைகலை அட்டையை வலுவற்ற பழைய செயலியோடு பூட்டினால் நிகழ்வதும் இதுவே. பணம் அணைக்கட்டிலே தேங்கி நிற்கும், பயிர் வாடும்.

திரை, விசைப்பலகை ஆகியவற்றை நீக்கி, கணினிக்கென ஒதுக்கிய பணத்தை நூறு பங்காகக் கொள்வோம். அதில் ஏறத்தாழ 35 பங்கு வரைகலை அட்டைக்கும், 18 பங்கு செயலிக்கும், 12 பங்கு தாய்ப்பலகைக்கும், 20 பங்கு நினைவகத்துக்கும் சேமிப்பகத்துக்கும், 10 பங்கு மின்வழங்கிக்கும், எஞ்சிய 5 பங்கு கேஸிங் என்னும் கூட்டுக்கும் எனப் பிரித்தல் ஒரு நல்ல தொடக்கம். 2025 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலகச் சந்தையில் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியமையால், அப்பங்கு சற்றுக் கூடவும் கூடும். அப்பொழுது குறைக்க வேண்டியது வண்ண விளக்குகளையும் கண்ணாடிக் கூட்டையும், மின்வழங்கியை அன்று.

மின்வழங்கியைப் பற்றிச் சற்று விரித்துக் கூறுதல் அவசியம். கூட்டினுள் மறைந்திருப்பதால் அதனை எவரும் பாராட்டுவதில்லை. ஆகவே விலை குறைக்கும்போது முதலில் அதுவே பலியாகிறது. மேலே ‘500 வாட்’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பதை நம்பிவிடக் கூடாது. பக்கத்தில் ஒட்டியுள்ள அட்டவணையில் 12 வோல்ட் என்ற வரிசையைப் பார்க்க வேண்டும். அங்கே 38 அம்பியர் என்றிருந்தால், 12 ஐ 38 ஆல் பெருக்க 456 வாட் வரும், அது ஏற்கத்தக்கது. 18 அம்பியர் மட்டுமே இருந்தால் வருவது 216 வாட். மேலே அச்சிட்ட எண் வெறும் அலங்காரம். தரமற்ற மின்வழங்கி பழுதுபடும்போது, தன்னோடு தாய்ப்பலகையையும் வரைகலை அட்டையையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும். பத்துப் பங்கில் மிச்சம் பிடிக்கப்போய்த் தொண்ணூறு பங்கை இழப்பது சிக்கனமாகுமா?

கையில் உள்ள பணம் எல்லாவற்றுக்கும் போதாதெனின், இரு படிகளில் கட்டுவது அறிவுடைமை. 2021 இல் வெளிவந்த ரைசன் 5 5600ஜி போன்ற செயலிகளுக்குள்ளேயே வரைகலைப் பகுதி அமைந்துள்ளது. தனி அட்டை இன்றியே முன்சொன்ன மிதமான விளையாட்டுகளை, காட்சித் தரத்தைச் சற்றுக் குறைத்து ஆடலாம். ஓராண்டு கழித்துப் பணம் சேர்ந்ததும் அட்டையைப் பொருத்தலாம். இம்முறையில் நினைவகத்தை 16 ஜி.பி. கொண்ட ஒரே துண்டாக வாங்காது, 8 ஜி.பி. கொண்ட இரு துண்டுகளாக வாங்குவது மிக முக்கியம். அந்த உள்வரைகலை நினைவகத்தின் வேகத்தையே நம்பியிருக்கிறது. இன்டெல் செயலி வாங்குவோர் பெயரின் இறுதி எழுத்தைக் கவனிக்க வேண்டும். கோர் ஐ3 12100எஃப் என்பதிற்போல ‘எஃப்’ என்று முடிந்தால் உள்வரைகலை இல்லை. தனி அட்டை பொருத்தும்வரை திரையில் எதுவும் தோன்றாது.

இனி, பாவித்த பொருள்களைப் பற்றி. 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி தளர்த்தப்பட்டபின், ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். இறக்குமதியாகும் கணினி உறுப்புகள் அன்று ஏறிய ஏற்றத்தில், பாவித்த பொருளின் பக்கம் பலரும் திரும்பினர். அதில் தவறில்லை, கண்ணைத் திறந்துகொண்டு வாங்க வேண்டும். 2022 செப்டெம்பரில் ஈதேரியம் என்னும் மின்னாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டபோது, அதற்காக இரவு பகலாக உழைத்த எண்ணற்ற வரைகலை அட்டைகள் உலகெங்கும் பழம்பொருட் சந்தைக்கு வந்தன. அவற்றுள் நல்லவையும் உண்டு, நலிந்தவையும் உண்டு. ஆர்.எக்ஸ். 6600 போன்ற 8 ஜி.பி. அட்டையொன்று நல்ல நிலையில் கிடைப்பின், முழு உயர்தெளிவுத் திரைக்கு அது நன்கு பொருந்தும். ஆயினும், கனத்த விளையாட்டொன்றை அரை மணி நேரமேனும் விற்பவர் முன்னிலையில் ஓடவிட்டு, படத்தில் கோடு விழுகிறதா, விசிறி தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். திருகாணிகளில் துரு ஏறியிருந்தால், அந்த அட்டை கடற்காற்றில் நெடுங்காலம் கிடந்திருக்கலாம்.

அலுவலகங்களில் பாவித்துக் கழித்த கணினிகளும் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் இரு முட்டுக்கட்டைகள் உண்டு. பலவற்றின் மின்வழங்கி சிறியது. வரைகலை அட்டைக்குரிய தனி மின்னிணைப்பு அதில் இராது. மேலும், விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஐ முறையாக ஏற்பவை இன்டெலில் எட்டாம் தலைமுறை தொடங்கி வந்த செயலிகளே. நான்காம் தலைமுறைக் கணினியை ‘வேகமானது’ என்று ஒருவர் விற்க முன்வந்தால், இவ்விரண்டையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

சாய்ந்தமருதூர்க் கணினிக்கு ஒரு பகைவன் ஆண்டு முழுவதும் அருகிலேயே உண்டு. கடலை அடுத்த வீடுகளிலே வாடைக் காற்று உப்பையும் ஈரத்தையும் கொண்டுவரும். கச்சான் வீசும் மாதங்களில் வெப்பமும் புழுதியும் சேரும். கடலைப் பார்த்த சாளரத்தின் அருகே கணினியை வைக்கலாகாது. முன்புறத்தில் கழற்றிக் கழுவத்தக்க தூசு வடிகட்டியுள்ள கூட்டைத் தேர்ந்து, மாதம் ஒருமுறை துப்புரவு செய்தல் வேண்டும். இடிமின்னல் மிகும் நாள்களில் செருகியையே கழற்றிவிடுதல் நன்று. மின்சாரம் திடீரென நிற்கும்போது வேலையைச் சேமித்து ஒழுங்காக நிறுத்தச் சில நிமிடம் தரும் யூ.பி.எஸ். ஒன்றுக்கும், வீட்டு மின்னிணைப்பில் புவித்தொடுப்பு செம்மையாக உள்ளதா என்று மின்வினைஞரைக் கொண்டு பார்ப்பதற்கும் முதலிலேயே பணம் ஒதுக்க வேண்டும்.

எங்கே வாங்குவது? பம்பலப்பிட்டியின் யூனிட்டி பிளாசாவில் கடைகள் பல. விலையை ஒப்பிடுவதும் எளிது. ஆனால், உத்தரவாதக் காலத்தில் பழுது ஏற்பட்டால் பொருளைச் சுமந்துகொண்டு நாட்டின் மறுகரைக்குப் போய்வர வேண்டும். அந்தப் பயணச் செலவையும் கூட்டிப் பார்த்தால், கல்முனையிற் சற்றுக் கூடிய விலைக்கு வாங்குவதே சில வேளை மலிவாகும். எங்கு வாங்கினும் ஒவ்வோர் உறுப்பின் பெயரும் உத்தரவாதக் காலமும் எழுதிய பற்றுச்சீட்டைப் பெறாது கடையை விட்டு இறங்கக் கூடாது. வட்டிக்குக் கடன்பட்டு வாங்குவதைவிட ஆறு மாதம் பொறுத்திருப்பது மேல்.

இவ்விளையாட்டை வீண்பொழுது என்று முற்றாக ஒதுக்கவும் வேண்டியதில்லை. 2023 இல் சீனாவின் ஹாங்சூ நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் மின்விளையாட்டுக்குப் பதக்கங்களே வழங்கப்பட்டன. அதே கணினியில் மாணவன் நிரல் எழுதப் பழகலாம். தங்கை பாடம் படிக்கலாம். தொழுகைக்கும் படிப்புக்கும் உறக்கத்துக்கும் உரிய நேரம் எதுவென்பதை, பெட்டியைப் பிரிக்குமுன் வாப்பாவும் மகனும் பேசி முடிவுசெய்துகொள்ளட்டும்.

உறுப்புகளின் விலையை மகன் விசாரித்து எழுதி வரட்டும். உம்மாவும் வாப்பாவும் கேள்வி கேட்கட்டும். எதைக் குறைப்பது, எதைக் குறைக்கக் கூடாது என்பதற்கு அவன் காரணம் சொல்லட்டும். விரலுக்கேற்ற வீக்கம் எவ்வளவு என்பதை ஒரு பதினாறு வயதுப் பிள்ளை தன் கையாலேயே கணக்குப் போட்டு அறிந்துகொள்ள இது நல்லதொரு வாய்ப்பு. அதனைப் பெற்றோர் நழுவவிடலாகாது.