குடும்ப உறவை அளக்கும் கோல்

ஜுரத்தை அளக்க வெப்பமானி இருக்கிறது. ஒரு குடும்பத்தாரிடையே உள்ள ஒட்டுதலை அளக்கக் கருவி உண்டா என்று கேட்டால் நம்மில் பலர் நகைப்போம். ஆயினும், குடும்ப ஆலோசகர்கள் அத்தகைய அளவுகோல்கள் சிலவற்றைக் கையாண்டு வருகிறார்கள்.

அவற்றுள் மிக எளியது, கேப்ரியல் ஸ்மில்க்ஸ்டீன் என்னும் அமெரிக்க வைத்தியர் 1978-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘குடும்ப ஆப்கார்’. பிறந்த சிசுவின் நிலையை ஐந்து குறிகளால் மதிப்பிடும் முறையை வகுத்த வர்ஜீனியா ஆப்கார் அம்மையாரின் பெயரை நினைவூட்டும் பெயர் அது. இதிலும் கேள்விகள் ஐந்தே. இடர் வந்தால் குடும்பத்தார் உதவுகிறார்களா? நம்மோடு கலந்து பேசுகிறார்களா? நாம் புதிதாக ஒன்றைத் தொடங்க விரும்பினால் ஆதரிக்கிறார்களா? அன்பு காட்டி, நம் கோபதாபங்களை உணர்ந்துகொள்கிறார்களா? நம்மோடு பொழுதைக் கழிக்கிறார்களா? இவற்றில் நமக்குள்ள திருப்தியைச் சொல்லவேண்டும். ‘பெரும்பாலும்’ என்றால் 2, ‘சில வேளைகளில்’ என்றால் 1, ‘அரிதாகவே’ என்றால் 0. மொத்தம் 10. ஏழும் அதற்கு மேலும் நல்ல நிலை; மூன்றும் அதற்குக் கீழும் மிகுந்த கவலைக்குரியது.

இந்த எண் குடும்பத்தின் எண் அன்று, விடையளித்தவரின் எண். மகன் 9 என்கிறார், தாய் 4 என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சராசரி கண்டு ஆறரை என்று எழுதினால், அது அவ்வீட்டில் எவர் மனத்தையும் குறிக்காது. இடையில் உள்ள அந்த ஐந்துதான் ஆலோசகர் பேசத் தொடங்கவேண்டிய இடம்.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கணவரை இழந்தபின் ஊரை விட்டு டில்லிக்கோ பம்பாய்க்கோ மகனிடம் வந்து சேர்ந்த தாய்க்கு, ஆலோசகரின் மொழி தெரியாது. மகனே மொழிபெயர்க்கிறார். மகன் முகத்தைப் பார்த்து எந்தத் தாய் ‘அரிதாகவே’ என்பாள்? “எனக்கு என்ன குறை?” என்பாள், பத்துக்குப் பத்து விழும். தனியே அமர்த்தித் தமிழில் கேட்டாலோ, “ஏதோ இருக்கிறேன்” என்பாள். இதற்கு ஒன்று இடுவதா, பூஜ்யம் இடுவதா? எந்த அட்டவணையும் சொல்லாது. பொறுத்திருந்து மேலும் கேட்கவேண்டும்.

அப்போதுதான், பேரக் குழந்தைகள் தம்முள் இந்தியிலேயே பேசிக்கொள்வதும், மகன் இரவு ஒன்பதுக்கு மேல் வீடு திரும்புவதும், ஐந்தாம் கேள்விக்கு அவள் மனத்தில் பூஜ்யம் இருப்பதும் வெளிவரும். இரவு உணவின்போது அரைமணி நேரம் தமிழ்ப் பேச்சு என்று வீட்டார் ஒப்புக்கொள்ளலாம். சில வாரங்கள் சென்று ஆலோசகர் அதே கேள்விகளை மறுபடியும் கேட்பார். மொத்த எண்ணைக் கூட்டுமுன், அந்தப் பூஜ்யம் ஒன்றாகியிருக்கிறதா என்றே முதலில் பார்ப்பார்.