அசதி சோம்பல் அல்ல



"உடம்பு முடியலை" என்று மனைவி சொன்னால் சோம்பேறி என்று ஏசுகிறோம். கடலில் முங்கிப் பாசி எடுக்கிற பாம்பன் பெண்ணா சோம்பேறி?

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பாருங்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே என்றால் சோகை, மாத்திரை உண்டு.

ரத்தம் நல்லா இருந்தும் அசதி விடாது சிலருக்கு. கோவாவில் சுமார் 2,500 பெண்களிடம் விசாரித்து 2005-இல் வெளிவந்த ஆய்வில், 100-க்கு 12 பேர் ஆறு மாதத்துக்கு மேலாக அசதி என்றார்கள். அது சோகையோடு சேரவில்லை. வறுமை, மனக்கவலை, கணவன் செய்யும் கொடுமை இவற்றோடு சேர்ந்திருந்தது. (கோபிக்காதீர்கள் அண்ணே!)

ஓய்வெடுத்தும் தீராமல், ஒருநாள் உழைத்தால் மறுநாள் படுக்க வைக்கும் நாள்பட்ட அசதி நோயும் உண்டு. அதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை கிடையாது. அவள் சொல்லைத்தான் நம்பவேண்டும்.

செவிலியர் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்று மறைக்காமல், எத்தனை மாதமாக என்று சொல்லுங்கள் தாயே. அன்றைக்குத் தண்ணிக் குடத்தை அண்ணன் தூக்கட்டும்.