கடல் கடந்து கற்கச் செல்வோர்க்கு

(பொன்விழாவை ஒட்டி நடைபெற்ற இளையோர் நாளில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் பங்கு பொன்விழாக் காணும் இவ்வேளையில் இளைஞரை நோக்கி நாலு வார்த்தை பேசுமாறு விழாக் குழுவினர் கேட்டபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று நாம் நெடுநேரம் யோசிக்கவில்லை. சென்ற ஓராண்டில் மட்டும் பங்கு இல்லத்தின் திண்ணையில் வந்து அமர்ந்து, "சாமி, பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பலாம் என்றிருக்கிறோம்" என்று சொன்ன பெற்றோர் ஒருவர் இருவர் அல்லர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இவ்வூரில் பள்ளியிறுதி வகுப்புத் தேறியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பார்கள் பெரியோர். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஜெர்மனியையும் ஜப்பானையும் பற்றிப் பக்கத்து ஊரைப் பற்றிப் பேசுவது போலப் பேசுகின்றனர். இறைவன் தந்த இவ்வளர்ச்சியைக் கண்டு நாம் மகிழ்கிறோம்.

ஆயினும் அம்மகிழ்ச்சியோடு எமது தவறு ஒன்றையும் உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டியவராய் இருக்கிறோம். முன்பு வேறொரு பங்கில் பணியாற்றியபோது ஒரு விதவைத் தாய் வயல் பத்திரத்தை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு வந்தார். மகனுக்கு வெளிநாட்டுக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, சாமி ஒரு நற்சான்றுக் கடிதம் தரவேண்டும் என்றார். அரைமணி நேரத்தில் எழுதி, முத்திரையிட்டு, ஆசீரும் அளித்து அனுப்பினோம். எந்தக் கல்லூரி, செலவு எவ்வளவு, சேர்த்துவிடுகிறவர் யார், அந்தப் பட்டம் நம் நாட்டில் செல்லுமா? இவற்றில் ஒன்றையும் நாம் கேட்கவில்லை. பதினான்காம் மாதம் பையன் திரும்பி வந்தான். பகுதிநேர வேலை செய்தே கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று முகவர் சொன்னது நடக்கவில்லை. இரண்டாம் ஆண்டுப் பணத்திற்கு வழியில்லை. வயல் கைவிட்டுப் போயிற்று. அந்தத் தாய் எம்மை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. ஞாயிறுதோறும் வழக்கம்போல் முன்வரிசையில் முழந்தாளிட்டுப் பூசை கண்டார். அவர் குறை கூறியிருந்தால் எமக்குப் பாரம் சற்றுக் குறைந்திருக்கும்.

அன்று நாம் கேட்கத் தவறிய கேள்விகளையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். பிள்ளைகள் பிறநாடு சென்று படிக்கக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. நம் முன்னோரின் விசுவாசமே அவ்வாறு பிறநாடு சென்று படித்த மாணவர் ஒருவரால் வலுப்பெற்றது அன்றோ? நவார் நாட்டு இளைஞர் பிரான்சிஸ் 1525 ஆம் ஆண்டில் பாரிஸ் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே சவோய் நாட்டு ஆயர்குடிப் பிள்ளை பீட்டர் ஃபேபர் அவருக்கு அறைத்தோழர். 1529 இல் அதே அறைக்கு வந்து சேர்ந்தார், வயதில் மூத்த பாஸ்கு நாட்டு மாணவர் ஒருவர். அவரே புனித இஞ்ஞாசியார். ஊர் வேறு, குடி வேறு. இம்மூவரும் ஓர் அறையில் வாழ்ந்ததன் பயன், 1542 இல் முத்துக்குளித்துறைக் கரையில் புனித சவேரியாராக வந்து இறங்கியது. பல்கலைக்கழகப் பாடத்தைவிட அந்த அறையே அவரை மாற்றியது எனலாம். பிறநாட்டுக் கல்வியின் தலையாய பயன் இதுதான். நம்மைப் போலல்லாத ஒருவனோடு ஒரே மேசையில் உண்டு, அவனிடமிருந்து கற்றுக்கொள்வது.

ஆகவே போங்கள். ஆனால், கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று ஆண்டவர் கேட்டதை நினைவிற்கொண்டு போங்கள்.

முதற் கேள்வி: யாருடைய செலவில் போகிறாய்?

வயலை விற்றுத்தான் வெளிநாட்டில் படிக்கமுடியும் என்று நம் மக்கள் நினைக்கின்றனர். இது முற்றும் உண்மையன்று. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் 1946 இல் அமெரிக்காவில் ஃபுல்பிரைட் என்னும் செனட்டர் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார். போரில் எஞ்சிய தளவாடங்களை விற்ற பணத்தைக் கொண்டு நாடுகளுக்கிடையே மாணவரை அனுப்புவது அதன் கருத்து. போர்க்கருவி விற்ற பணம் புத்தகப் பணமாயிற்று! 1950 இல் நம் நாடு அதில் சேர்ந்தது. 2008 முதல் இந்திய அரசும் பங்களிக்க, ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை எனப் பெயர் பெற்றது. பிரிட்டிஷ் அரசு 1983 முதல் வழங்கும் செவ்னிங் உதவித்தொகையில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்கான கட்டணமும் வாழ்க்கைச் செலவும் அடங்கும். அதற்கு இரண்டாண்டு வேலை அனுபவம் வேண்டும். படித்தபின் தாய்நாடு திரும்பி இரண்டாண்டு இருக்கவும் வேண்டும். ஐரோப்பிய நாடுகள் 2004 முதல் நடத்தும் எராஸ்மஸ் முண்டுஸ் திட்டத்தில் ஒரே முதுகலைப் பட்டத்தை இரண்டு மூன்று நாடுகளில் மாறி மாறிப் படிக்கலாம். தெரிவு பெறுவோர்க்குக் கட்டணம் இல்லை. மாதம் 1,400 யூரோ உதவியும் உண்டு. 1925 இல் தொடங்கிய ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையும், 1954 முதல் உதவித்தொகை வழங்கிவரும் ஜப்பானிய அரசும் நம் மாணவர்க்குக் கதவு திறந்தே வைத்துள்ளன.

நம் தமிழ்நாட்டு அரசின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறையும் வெளிநாட்டு உயர்கல்விக்கு உதவித்தொகை வழங்குகிறது. மத்திய அரசின் உதவித்தொகையில் பட்டியல் இனத்தவர்க்கான இடங்களில், கிறிஸ்தவர்களாகிய நம் தலித் மக்களுக்கு இடமில்லை. மாநில அரசின் திட்டமோ கிறிஸ்தவம் தழுவிய ஆதிதிராவிடர்க்கும் உரியது. இதை அறியாமல் விட்டுவிட்ட குடும்பங்கள் நம் பங்குகளில் உண்டு. மாவட்ட அலுவலகத்தில் நேரில் சென்று அவ்வாண்டின் விதிகளைக் கேட்டறியுங்கள்.

இவை எளிதில் கிட்டுவன அல்ல. போட்டி கடுமையானது. ஆங்கிலத் தேர்வு எழுதவேண்டும். பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் பெறவேண்டும். எதற்காகப் படிக்க விரும்புகிறேன் என்று தன் கையாலேயே எழுதவேண்டும். கல்லூரியின் கடைசி ஆண்டில் விழித்துக்கொள்பவனுக்குக் காலம் போதாது. இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கவேண்டும். ஆனால் இவற்றுக்கு விண்ணப்பிக்க எந்த முகவரும் தேவையில்லை. முகவர் ஆலோசனை இலவசம் என்று பலகை தொங்கினால், அவருக்குச் சம்பளம் தருவது யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் பிள்ளையைச் சேர்க்கும் கல்லூரியே தலைக்கு இவ்வளவு என்று தரகு தருகிறது. தரகு தரும் கல்லூரியைத்தான் அவர் புகழ்வார். தரகு வாங்குவது குற்றமன்று. அதை மறைத்துப் புத்தி சொல்வதே குற்றம்.

"ஜெர்மனியில் கட்டணமே இல்லை" என்ற பேச்சும் ஊரில் அடிபடுகிறது. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பது மெய்யே. ஆனால் விசா வேண்டுமானால் ஓராண்டுச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பணம் இருப்பதைக் காட்டவேண்டும். 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோ என உயர்ந்தது. நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். பாதி உண்மையை நம்பிக் கடன் வாங்குகிறவனுக்கு மீதி உண்மை வட்டியோடு வந்து சேரும்.

இரண்டாம் கேள்வி: திரும்பி வந்தால் அப்பட்டம் செல்லுமா?

உரோமை நகரில் சோஃபியா கொராதி என்றொரு சட்ட மாணவி இருந்தார். ஃபுல்பிரைட் உதவி பெற்று அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, 1958 இல் பெருமையோடு ஊர் திரும்பினார். அவருடைய சொந்தப் பல்கலைக்கழகமோ அப்படிப்பைக் கணக்கில் எடுக்க மறுத்துவிட்டது. எல்லார் முன்னிலையிலும் அவர் அவமானப்பட்டார். மற்றவராயிருந்தால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பர். அவரோ தமக்கு நேர்ந்தது இன்னொரு மாணவனுக்கு நேரக்கூடாது என்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதிகாரிகளிடம் வாதாடினார். அதன் பலனாக 1987 இல் பிறந்ததுதான் எராஸ்மஸ் திட்டம். ஒரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பயில்பவன் வேறொரு நாட்டில் சில மாதம் படித்தால், அப்படிப்பைத் தாய்க் கல்லூரி ஏற்றுக்கொள்ளும். முதலாண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர் சென்றனர். இன்றுவரை பயன்பெற்றோர் ஒரு கோடிக்கும் மேல். நாடு நாடாகச் சென்று கற்ற குருவானவர் எராஸ்மஸின் பெயரையே அத்திட்டம் தாங்கி நிற்கிறது.

சோஃபியா பட்ட அவமானத்தை நம் பிள்ளைகள் படவேண்டாம். வெளிநாட்டுப் பட்டங்களை ஏற்பது குறித்துப் பல்கலைக்கழக மானியக் குழு 2025 இல் புதிய விதிகளை வெளியிட்டுள்ளது. போகுமுன் அவற்றைப் படியுங்கள். மருத்துவம் படிக்கச் செல்பவர் இன்னும் கவனமாயிருக்கவேண்டும். திரும்பியபின் தகுதித் தேர்வில் தேறாமல் இங்கே மருத்துவம் பார்க்க முடியாது. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோது இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர் தாய்நாடு திரும்பினர். அவர்களுள் பெரும்பாலோர் மருத்துவ மாணவர். பாதியில் நின்ற படிப்பை எங்கே முடிப்பது என்று அவர்கள் அலைந்ததை நாடே கண்டது. போரை யாரும் முன்னறிய இயலாது. ஆனால் போகும் நாட்டின் நிலைமையை விசாரிப்பது நம் கையில் உள்ளது.

மூன்றாம் கேள்வி: எதைக் கொண்டுவரப் போகிறாய்?

இதற்கு விடையாக ஒரு தமிழ்க் குருவின் வாழ்வைச் சொல்கிறோம். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் 1913 இல் பிறந்தவர் தனிநாயக அடிகளார். 1934 இல் உரோமைக்குப் படிக்கச் சென்று அங்கேயே குருப்பட்டம் பெற்றார். மொழிகள் பல கற்றார். ஆனால் தாய்மொழி இலக்கியத்தை ஆழ்ந்து கற்றதோ திரும்பி வந்தபின், நம் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியப் பணி செய்தபோதுதான். மேல்நாட்டுக் கல்வியைத் தலையில் சுமந்துகொண்டு வந்தவர், ஒரு தமிழ்ப் பண்டிதரிடம் மாணவராய் அமர்ந்தார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றார். இலண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியத் துறைக்குத் தலைவரானார். வத்திக்கான் நூலகத்தில் இருந்த 1679 ஆம் ஆண்டுத் தமிழ்-போர்த்துகீசிய அகராதியை 1966 இல் மீண்டும் அச்சேற்றினார். அதே ஆண்டில் கோலாலம்பூரில் முதலாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற அவரே முதற் காரணர். அவர் கொண்டுவந்த பொருள் பெட்டியில் அடங்குவதன்று. உலகுக்குத் தமிழையும், தமிழர்க்கு உலகையும் அறிமுகம் செய்துவைத்தார்.

பிள்ளைகளே, எல்லாரும் தனிநாயக அடிகளார் ஆகவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. திரும்பி வராவிட்டால் பாவம் என்றும் சொல்லவில்லை. எங்கிருந்தாலும், உன்னால் இவ்வூருக்கு ஒரு சன்னலாவது திறக்கட்டும். உனக்குப் பின் வரும் பிள்ளைக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடு. அங்கே பட்ட கஷ்டத்தையும் மறைக்காமல் எழுது. பனிமலைப் படத்தை மட்டும் அனுப்பினால், உன் தம்பி ஏமாறுவான்.

போக இயலாதவர்களுக்கும் ஒரு சொல். உலகம் கடலுக்கு அப்பால் மட்டும் இல்லை. நம் செங்கற்சூளைகளிலும் கட்டட வேலைகளிலும் ஜார்க்கண்டு, ஒடிசா பிள்ளைகள் உழைக்கின்றனர். அவர்களில் கத்தோலிக்கர் பலர் நம் ஞாயிறு திருப்பலிக்கு வந்து கடைசித் தூணருகே நிற்கின்றனர். அவர்களில் ஒருவரின் பெயராவது நமக்குத் தெரியுமா? நம் பிள்ளை அந்நிய ஊரின் கோவிலில் கடைசித் தூணருகே நிற்கும்போது, யாராவது வந்து பெயர் கேட்கமாட்டார்களா என்று ஏங்குகிறோம். அந்த ஏக்கத்தை இங்கே நாம் தீர்த்துவைப்போம். இந்தப் பாடத்திற்கு விசா தேவையில்லை.

இறுதியாக ஓர் ஏற்பாட்டை அறிவிக்கிறோம். வருகிற மாதம் முதல், முதல் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் பங்கு இல்லத்தில் ஒரு மேசை போடப்படும். நம் பங்கின் ஆசிரியர் இருவரும், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவரும் அங்கே இருப்பர். வெளிநாட்டுப் படிப்புக்கான காகிதங்களைக் கொண்டுவாருங்கள். கல்லூரியின் பெயர், கட்டணம், வட்டிக் கணக்கு எல்லாவற்றையும் உங்களோடு உட்கார்ந்து பார்ப்போம். இதற்குக் காணிக்கை எதுவும் வேண்டாம். பத்திரத்தைப் பைக்குள் வைக்குமுன் வாருங்கள் என்பதே எமது வேண்டுகோள். நற்சான்றுக் கடிதம் கேட்டு வருவோரிடம் இனி நாமும் கேள்வி கேட்போம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நம் பெரியோர் பிடி அரிசி சேர்த்து, கல் ஒவ்வொன்றுக்கும் கணக்கு எழுதி இக்கோவிலின் கோபுரத்தைக் கட்டினர். அந்தக் கணக்கேடு இன்றும் பங்கு இல்லத்தில் பத்திரமாய் இருக்கிறது. கனவு கண்டவர்களே கணக்கும் பார்த்தார்கள். அதனால்தான் கோபுரம் பாதியில் நிற்கவில்லை. அவர்கள் பேரப்பிள்ளைகளாகிய நீங்களும் அவ்வாறே கனவு காணுங்கள், கணக்கும் பாருங்கள். கடல் கடந்து செல்வோரையும், வீட்டில் விளக்கேற்றிக் காத்திருப்போரையும் இறைவன் ஒருசேரக் காப்பாராக.