பிளவுபட்ட கிளர்ச்சியும் கைகூடாத சமாதானமும்



சில வாரங்களுக்கு முன்னர், உயர்தர வகுப்பொன்றில் வரலாற்றுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபொழுது, மாணவி ஒருத்தி எழுந்து ஒரு வினாவை விடுத்தாள். "ஐயா, சமாதான உடன்படிக்கையில் ஒரு தலைவர் கையெழுத்திடுகிறார், மற்றொருவர் மறுத்துவிடுகிறார். அப்படியானால், கையெழுத்திட்டவர் சமாதானப் பிரியர், மறுத்தவர் போர்ப் பிரியர் என்று நாங்கள் எழுதலாமா?" என்பதே அவ்வினா. பரீட்சைத் தாளில் எழுதுவதற்கு வசதியான விடைதான். ஆனால் அது உண்மையான விடையா? அதனை ஆராயும் பொருட்டு, ஆபிரிக்காக் கண்டத்திலுள்ள டார்பூர் என்னும் நிலப்பகுதியின் கதையை அவ்வகுப்புக்குச் சொன்னேன். அக்கதையையே இன்று உங்கள் முன்னிலையிலும் வைக்க விரும்புகின்றேன்.

சூடான் நாட்டின் மேற்கெல்லையில் அமைந்த பரந்த பிரதேசம் டார்பூர். பூர் இன மக்களின் இல்லம் என்பது அப்பெயரின் பொருள். 1916 ஆம் ஆண்டு வரையில் அது தனியொரு சுல்தானின் ஆட்சியில் இருந்தது. அவ்வாண்டிலே பிரித்தானியர் அதனைக் கைப்பற்றிச் சூடானுடன் இணைத்தனர். அதன் நடுவே எழுந்து நிற்கும் ஜெபல் மர்ரா மலையின் சாரல்களில் பூர் இனத்தவர் பயிர்செய்து வாழ்ந்தனர். வடக்கே, சாட் நாட்டின் எல்லையை ஒட்டிய வரண்ட நிலத்தில், சகாவா இனத்தவர் ஒட்டகங்களையும் ஆடுகளையும் மேய்த்தனர். மேற்கே மசாலித் இனத்தவர் வாழ்ந்தனர். இவர்களிடையே அரபு மொழி பேசும் மேய்ச்சற் குலத்தவரும் இருந்தனர். இவர்கள் யாவரும் இஸ்லாமியரே. எனவே, இது மதத்தினால் மூண்ட சண்டையன்று. மழை பொய்த்து, 1984 ஆம் ஆண்டில் பெரும் பஞ்சம் வந்து, மேய்ச்சல் நிலமும் கிணறும் பூசலுக்குக் காரணமாகின. தலைநகராகிய கார்ட்டூமில் வீற்றிருந்த அரசாங்கமோ டார்பூரைப் புறக்கணித்ததுமன்றி, அரபுக் குலங்கள் சிலவற்றுக்கு ஆயுதமும் வழங்கியது.

இந்நிலையிலே, 2001 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பூர் இனத்தவர் சிலரும் சகாவா இனத்தவர் சிலரும் அபூ கம்ரா என்னும் இடத்திற் கூடித் திருக்குர்ஆன்மீது சத்தியம் செய்துகொண்டனர். தம்மிடையேயிருந்த பழைய வழக்குகளை ஒதுக்கிவைத்து, ஒன்றுபட்டு நிற்பதென்பதே அச்சத்தியம். அதன் பயனாகத் தோன்றியது சூடான் விடுதலை இயக்கம். பூர் இனத்தவரான சட்டத்தரணி அப்துல் வாஹித் அல்-நூர் அதன் தலைவர். சகாவா இனத்தவரான மின்னி மின்னாவி அதன் செயலாளர். வைத்தியரான கலீல் இப்ராஹிம் என்பாரின் தலைமையில் நீதி, சமத்துவ இயக்கம் என்ற வேறோர் அமைப்பும் எழுந்தது. 2003 ஏப்ரல் 25 ஆம் நாள், கிளர்ச்சிக்காரர் எல் பாஷர் நகரின் விமானத் தளத்தைத் தாக்கி, நின்ற விமானங்களைத் தீக்கிரையாக்கினர்.

அரசாங்கம் கொடுத்த பதிலடி கொடியது. ஜன்ஜவீட் எனப்படும் குதிரைப்படைக் கூலியாட்கள் ஏவப்பட்டனர். கிராமங்கள் எரிந்தன, கிணறுகள் பாழாயின. இப்போரினாலும், அதனை அடுத்து வந்த பசி, நோய்களினாலும் மூன்று இலட்சம் பேர் வரையில் மாண்டிருக்கலாமென ஐக்கிய நாடுகள் சபை 2008 இல் மதிப்பிட்டது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்து முகாம்களை அடைந்தனர்.

ஆபிரிக்க ஒன்றியம் தலையிட்டது. 2004 ஏப்ரலில் ஒரு யுத்தநிறுத்தம் எழுதப்பட்டது. பின்னர் நைஜீரியாவின் தலைநகர் அபூஜாவில் பேச்சுவார்த்தைகள் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஏழு சுற்றுகள் நடைபெற்றன. தன்சானிய நாட்டு இராசதந்திரியான சலீம் அகமது சலீம் மத்தியஸ்தராக அமர்ந்தார். ஆனால் அவர் முன்னிருந்த மேசையின் ஒரு பக்கத்திலே அரசாங்கம் ஒன்றாக அமர்ந்திருக்க, மறுபக்கத்திலே மூன்று குழுவினர் அமர்ந்திருந்தனர். சத்தியம் செய்தவர்களிடையே இதற்குள் பிளவு ஏற்பட்டுவிட்டது. 2005 ஆம் ஆண்டின் இறுதியில், ஹஸ்கனிதா என்ற ஊரில் மின்னாவியின் சார்பினர் ஒரு மாநாட்டைக் கூட்டி, அவரையே தலைவராகத் தெரிவு செய்தனர். அப்துல் வாஹித் அதனை ஏற்கவில்லை. ஒரே பெயரையுடைய இயக்கம் இரண்டாயிற்று. ஆயுதபலம் பெரிதும் மின்னாவியின் பக்கத்தில் இருந்தது. முகாம்களில் வாடிய மக்களின் அபிமானமோ பெரிதும் அப்துல் வாஹித்தின் பக்கத்தில் இருந்தது. இருவர் படைகளும் டார்பூரிலே ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்த வேளையில், இருவருடைய பிரதிநிதிகளும் அபூஜாவிலே அரசாங்கத்துடன் பேசிக்கொண்டிருந்தனர்.

பிறகு நிகழ்ந்தது யாது? 2006 ஏப்ரல் 25 இல் மத்தியஸ்தர்கள் உடன்படிக்கையின் வாசகத்தைக் கையளித்து, அம்மாதம் 30 ஆம் நாளே இறுதித் தவணை என்றனர். அத்தவணை நாற்பத்தெட்டு மணித்தியாலங்களாக இருமுறை நீடிக்கப்பட்டது. அமெரிக்காவின் பிரதி இராஜாங்கச் செயலாளர் விரைந்து வந்தார். நைஜீரிய ஜனாதிபதி ஒபசாஞ்சோ தாமே இரவிரவாகத் தலைவர்களை அழைத்துப் பேசினார். மே 5 ஆம் நாள் மின்னாவி கையெழுத்திட்டார். கலீல் இப்ராஹிம் மறுத்தார். அப்துல் வாஹித்தும் மறுத்தார். பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடாக முதலில் வைக்கப்பட்ட மூன்று கோடி டொலர் போதாது என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. ஜன்ஜவீட்டின் ஆயுதக் களைவை மேற்பார்வை செய்வதில் தமது இயக்கத்துக்கும் பங்கு வேண்டும் என்பது மற்றொன்று. எரிந்த வீட்டுக்குரியவன் கேட்கத் தகாத கேள்விகளா இவை? அதே சமயம், தமது போட்டியாளர் ஒப்பிய பத்திரத்தில் தாமும் ஒப்பினால், தலைமை அவர் கைக்குப் போய்விடுமென்ற அச்சம் அவருக்கு இருந்திராது என்றும் சொல்ல இயலாது.

நேயர்களே, பிரிபடாத காணியைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஐந்து பங்காளிகளுக்கு உரித்தான காணியை வாங்க வந்தவர், ஐவரையும் ஒருங்கே இருத்திப் பேசப் பொறுமையின்றி, இணங்கிய ஒருவரை மாத்திரம் நொத்தாரிசிடம் அழைத்துச் சென்று உறுதி முடித்தால் என்ன ஆகும்? உறுதி கையில் இருக்கும். காணி கைக்கு வராது. வேலி போடச் சென்ற அன்றே கைகலப்பு மூளும். அதன்பின் வழக்குப் பேரப்பிள்ளைகள் காலம் வரையில் நீளும். அபூஜாவில் முடித்த உறுதியும் அத்தகையதே.

அதன் விளைவு உடனே தெரிந்தது. முகாம்களில் மக்கள் உடன்படிக்கைக்கு எதிராக ஆர்ப்பாட்டம் செய்தனர். கையெழுத்திட்ட மின்னாவி 2006 ஆகஸ்டில் ஜனாதிபதியின் சிரேஷ்ட உதவியாளராகப் பதவியேற்றார். கையெழுத்திடாதோர் அதே மாதத்தில் யுத்தநிறுத்தக் கண்காணிப்புச் சபையினின்றும் வெளியேற்றப்பட்டனர். இதனைச் சிறிது சிந்தித்துப் பாருங்கள். சுடுகின்றவர்களுள் ஒரு பகுதியினரைச் சபைக்கு வெளியே நிறுத்திவிட்டு, சூடு நின்றதா என்று கண்காணிப்பது எங்ஙனம்? சமாதானத்தில் ஒப்பிய படை அரசாங்கத்தின் துணைப்படையாயிற்று. ஒப்பாத படைகள் அதற்கும் பகையாயின. உடன்படிக்கை எழுதப்படுமுன் ஒரு போர் இருந்தது; எழுதப்பட்டபின் பல போர்கள் இருந்தன.

இதிலும் பாரதூரமான விளைவு ஒன்று உண்டு. தனித்துக் கையெழுத்திடுபவருக்குப் பதவி கிடைக்கும் என்பதைக் களத்திலிருந்த சிறிய தளபதிகளும் கண்டுகொண்டனர். ஐம்பது பேரும் நாலைந்து வாகனங்களும் உடையவர் எவராயினும், தாமும் ஓர் இயக்கம் என்று அறிவித்தால், அடுத்த மாநாட்டில் தமக்கும் ஓர் ஆசனம் கிடைக்குமென்று கணக்கிடலாயினர். குழுக்கள் பத்தைத் தாண்டின. 2007 செப்டெம்பர் 29 இல் ஹஸ்கனிதாவிலிருந்த ஆபிரிக்க ஒன்றிய அமைதிப் படையின் முகாம் தாக்கப்பட்டு, வீரர் பன்னிரண்டு பேர் கொல்லப்பட்டனர். பிரிந்துபோன கிளர்ச்சிக் குழுக்களின் தளபதிகளே அதற்காகக் குற்றஞ்சாட்டப்பட்டனர். அடுத்த மாதம் லிபியாவின் சிர்ட் நகரில் மீண்டும் மாநாடு கூடியபொழுது, அப்துல் வாஹித்தும் கலீலும் வரவேயில்லை. 2010 டிசம்பரில், முன்னர் கையெழுத்திட்ட மின்னாவியும் அரசாங்கத்தை விட்டு விலகிப் போருக்குத் திரும்பினார். 2011 இல் கட்டார் நாட்டின் டோஹாவில் மற்றுமோர் உடன்படிக்கை எழுதப்பட்டது; அதில் ஒப்பமிட்டது சிறு குழுக்களை ஒன்றுசேர்த்து அங்கேயே உருவாக்கப்பட்ட ஓர் இயக்கம். பெரிய இயக்கங்கள் மூன்றும் அதனைப் புறக்கணித்தன.

பிளவுபட்டோரை ஒன்றுபடுத்தவே முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். அதே சூடானின் தென்பகுதியில் நடந்ததைப் பாருங்கள். அங்கும் ஜோன் கராங்கின் தலைமையிலிருந்த இயக்கத்திலிருந்து 1991 இல் ரீக் மச்சார் பிரிந்தார். டிங்கா இனத்தவரும் நூவர் இனத்தவரும் ஒருவரையொருவர் கொன்றனர். 1997 இல் மச்சார் தனியே கார்ட்டூம் அரசாங்கத்துடன் உடன்படிக்கை செய்தார், போர் ஓயவில்லை. ஆனால் 1999 இல், கிறித்தவத் திருச்சபைகளின் முயற்சியால், இரு இனங்களின் குலத்தலைவர்களும் வுன்லிட் என்ற கிராமத்திற் கூடினர். வெள்ளை எருது ஒன்றைப் பலியிட்டு, கவர்ந்து சென்ற பெண்களையும் பிள்ளைகளையும் திருப்பி ஒப்படைப்பதென்றும், மேய்ச்சல் நிலங்களைப் பகிர்ந்துகொள்வதென்றும் இணங்கினர். தளபதிகளுக்கு முன்னரே ஊர்ப் பெரியோர் சமாதானமாகினர். 2002 ஜனவரியில் மச்சார் கராங்குடன் மீண்டும் இணைந்தார். அவ்வாண்டு ஜூலையிலேயே அரசாங்கத்துடனான முதலாவது முக்கிய இணக்கம் பிறந்தது. 2005 ஜனவரி 9 இல் முழுமையான சமாதான உடன்படிக்கை கைச்சாத்தாகியது. எனினும், தலைவர்களிடையேயிருந்த பகை முற்றாக அவியவில்லை. தென்சூடான் 2011 இல் சுதந்திர நாடாகி, இரண்டே ஆண்டுகள் கழிந்து, 2013 டிசம்பரில், அப்பழைய பிளவின் வழியே மீண்டும் போர் மூண்டது. ஒற்றுமை சமாதானத்துக்கு வாசலைத் திறக்கும். திறந்த வாசலைக் காவல் செய்வது பின்னும் நெடுநாளைய பணியாகும்.

இத்தகைய கதை நமக்குப் புதியதன்று. 1985 இல் திம்புவிலே மேசையின் ஒரே பக்கத்தில் அமர்ந்து, ஒரே கோரிக்கைகளை முன்வைத்த இயக்கங்கள், அடுத்த ஆண்டே நம்முடைய வீதிகளில் ஒன்றையொன்று சுட்டதை நான் பள்ளி மாணவனாக இருந்த காலத்திற் கண்டேன். எந்தப் பக்கத்தில் வீழ்ந்தாலும் வீழ்ந்தவர்கள் நம்மூர்ப் பிள்ளைகளே. அவர்களுக்காக எந்த வீட்டில் அழலாம், எந்த வீட்டில் அழலாகாது என்றிருந்த நாட்கள் அவை. ஆகையினால் டார்பூரை நான் தூரத்துத் தேசமாகக் கருதிப் படிப்பதில்லை.

டார்பூரில் இன்று எஞ்சியிருப்பது என்ன? 2020 அக்டோபரில், தென்சூடானின் தலைநகராகிய ஜூபாவில், மின்னாவியும், மறைந்த கலீலின் சகோதரர் ஜிப்ரீலும் இடைக்கால அரசாங்கத்துடன் ஒப்பமிட்டனர். அப்துல் வாஹித் அம்முறையும் ஒப்பமிடவில்லை. 2023 ஏப்ரலில் சூடானின் இராணுவத்துக்கும், பழைய ஜன்ஜவீட்டிலிருந்து வளர்ந்த துரித ஆதரவுப் படைக்கும் இடையே பெரும் போர் வெடித்தது. அப்போரிலே மின்னாவியும் ஜிப்ரீலும் இராணுவத்தோடு நின்றனர். அப்துல் வாஹித் விலகி நின்றார். வேறு சில குழுவினர் துரித ஆதரவுப் படையின் அணியையே சேர்ந்தனர். 2003 இல் கிளர்ச்சி முழங்கிய அதே எல் பாஷர் நகரம், ஓராண்டுக்கு மேற்பட்ட முற்றுகையின் பின்னர், 2025 அக்டோபரில் அப்படையின் கையில் வீழ்ந்தது. நகர மக்கள் கொத்துக் கொத்தாகக் கொல்லப்பட்டனர். எந்த ஜன்ஜவீட்டின் ஆயுதத்தைக் களைவது யார் என்று அபூஜாவிலே தர்க்கித்தனரோ, களையப்படாத அந்த ஆயுதமே இரு தசாப்தங்களுக்குப் பின்னர் திரும்பி வந்தது.

இனி, அம்மாணவியின் வினாவுக்கு வருவோம். கையெழுத்திட்டவர் நல்லவரா, மறுத்தவர் தீயவரா? ஒருவர் தம் மக்களைக் கேளாமல் ஒப்பினார். மற்றவர் ஒப்பாமலே காலத்தைக் கடத்தினார். எதிரியைப் பிரித்து ஒருவரை மட்டும் தழுவிக்கொள்வது இலாபமென்று அரசாங்கம் எண்ணியது. நாட்காட்டியை நோக்கிய மத்தியஸ்தர்கள், முகாமிலிருந்தவர்களை நோக்கத் தவறினர். பொறுப்பு இவர்கள் நால்வருக்கும் உரியது. சமாதானம் பேச வருவோர் எதிரிகளிடையே பேசுமுன், ஒரே துயரத்தின் பெயரால் ஆயுதம் ஏந்தியவர்களிடையே பேசவேண்டும். அதற்குத் தவணை விதித்தலாகாது. அத்துயரத்தை அனுபவிக்கும் மக்களும் அப்பேச்சில் இருத்தல் வேண்டும். ஏனெனில், அபூ கம்ராவிற் செய்த சத்தியத்தை மறந்தவர்கள் தலைவர்கள். அதனை நம்பித் தம் பிள்ளைகளைக் கொடுத்தவர்கள் அம்மக்கள்.

இவ்வாறு சொல்லி முடித்ததும், "அப்படியானால், ஐயா, பரீட்சையில் என்ன எழுதுவது?" என்று அவள் கேட்டாள். கையெழுத்திட்டவர் இவர் என்றும், மறுத்தவர் இவர் என்றும், அன்றிரவு முகாமில் உறங்காதிருந்தவர் யாவரென்றும் எழுது என்றேன்.