அச்சம் என்பது கோழைத்தனமன்று

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற மருத்துவ விழிப்புணர்வு உரையின் எழுத்து வடிவம்)

 

சர்க்கரை நோய் பற்றியும் இரத்த அழுத்தம் பற்றியும் பேசினால், கூட்டம் முடிந்ததும் நான்கு பேர் வந்து சந்தேகம் கேட்பார்கள். நான் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் பொருளைப் பற்றி எவரும் மேடையருகே வந்து கேட்கமாட்டார்கள். ஏனெனில் இது வீட்டுக்குள் மறைத்து வைக்கப்படும் நோய். அச்ச நோய், பதற்ற நோய் என்று இதனை அழைக்கிறோம்.

ஒருவரை எண்ணிப் பாருங்கள். கடைவீதியில் நடந்து செல்கையில் திடீரென நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, உடல் வியர்க்கிறது. மாரடைப்பு என்று அஞ்சி மருத்துவமனைக்கு ஓடுகிறார். இ.சி.ஜி. சரியாக இருக்கிறது. ஒரு வாரத்தில் மீண்டும் அதே நிலை, மீண்டும் இ.சி.ஜி., மீண்டும் அதே பதில். பிறகு அவர் கடைவீதிக்குப் போவதை நிறுத்துகிறார். அடுத்துப் பேருந்தில் ஏறுவதை நிறுத்துகிறார். இறுதியில் துணையின்றி வீட்டு வாசலைத் தாண்ட இயலாதவராகிறார். உறவினர்களோ, "உடம்புக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை" என்று கூறிவிடுகிறார்கள்.

இவர் தனியர் அல்லர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் 30 கோடியே 10 லட்சம் பேர் பதற்ற நோய்களால் துன்புற்றனர். சிகிச்சை தேவைப்படுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே ஏதேனும் சிகிச்சை கிடைக்கிறது. எஞ்சிய மூவரைத் தடுத்து நிறுத்துபவற்றுள் வெட்கமும் ஒன்று. அந்த வெட்கத்திற்கு இடமில்லை என்பதை மூளையியல் எவ்வாறு காட்டுகிறது என்று விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

அச்சம் பிறக்கும் இடம்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். இப்பழமொழியின் உண்மையை இன்று மூளைக்குள்ளேயே காணமுடிகிறது.

இரு காதுகளுக்கும் உட்புறமாக, மூளையின் ஆழத்தில், பாதாம் பருப்பின் வடிவில் பக்கத்திற்கு ஒன்றாக இரு சிறு பகுதிகள் உள்ளன. அமிக்டலா என்பது அவற்றின் பெயர். கிரேக்க மொழியில் அச்சொல்லின் பொருளும் பாதாம் என்பதே. இருட்டில் கயிறு கிடக்கிறது. கண்ணில் பட்ட காட்சி இரு வழிகளில் அமிக்டலாவைச் சென்றடைகிறது. ஒன்று குறுக்கு வழி. அது தெளிவற்றது, ஆனால் விரைவானது. மற்றொன்று மூளையின் புறணி வழியாகச் சுற்றிச் செல்லும் நீண்ட வழி. "இது பாம்பன்று, கயிறு" என்னும் தெளிவு அவ்வழியே பிறகுதான் வருகிறது. அதற்குள் குறுக்கு வழிச் செய்தி கிடைத்த அமிக்டலா இதயத்தை விரைவுபடுத்தி, கால்களைப் பின்னுக்கு இழுத்துவிடுகிறது. நியூயார்க்கைச் சேர்ந்த ஜோசப் லெடூ 1980-களிலும் 1990-களிலும் எலிகளிடம் செய்த ஆய்வுகளால் இவ்விரு வழிகளும் விளங்கின.

அறிவு வருமுன் அச்சம் வந்துவிடும் வகையில்தான் நம் மூளை அமைந்துள்ளது என்பது இதன் பொருள். உண்மையான பாம்பு வரும் நாளில் அதுவே உயிர் காக்கும். ஆகவே அச்சம் குறையன்று, அருட்கொடை. கயிற்றைக் கயிறென்று அறிந்த பின்னும் மணி ஓயாமல் அடித்துக்கொண்டிருப்பதே நோய். அவ்வாறு மணி அடிப்பவரிடம் "பயப்படாதே" என்று கூறுவது, காய்ச்சல் கண்டவரிடம் "உடம்பைச் சுடவிடாதே" என்று கூறுவதற்கு ஒப்பாகும்.

அப்படியானால் அந்த மணியையே அகற்றிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அரிய பரம்பரை நோய் ஒன்றினால் இரு அமிக்டலாக்களும் அழிந்துபோன அமெரிக்கப் பெண்மணி ஒருவரைப் பற்றி 2011-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பாம்பும் சிலந்தியும் அவருக்கு அச்சமூட்டவில்லை. ஆனால் 2013-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், 35 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசித்தபோது அவரும் கடும் பீதிக்கு ஆளானார். அச்சத்திற்கு வாயில் ஒன்றல்ல என்பது தெளிவாயிற்று. மூளையில் ஓரிடத்தை அழித்து நோயைத் தீர்க்கலாம் என்ற எண்ணத்திற்கு இது தக்க மறுமொழியாகும்.

அழிவதில்லை, புதிதாகக் கற்கிறது

1924-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டால் அலறும் ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் செய்த சிகிச்சையை வெளியிட்டார். சிறுவன் விரும்பி உண்ணும் நேரத்தில் முயலைத் தொலைவில் வைத்தார். நாளுக்கு நாள் சற்றே அருகில் கொணர்ந்தார். இறுதியில் அச்சிறுவன் முயலைத் தன் கையால் தொட்டு விளையாடினான். அச்சத்திற்குரியதைப் படிப்படியாக எதிர்கொள்ளும் இன்றைய சிகிச்சைக்கு இது முன்னோடி.

இக்கருத்து அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது என்பதை ஈண்டுக் குறிப்பிட விரும்புகிறேன். கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒருங்கே பேசும் தமது 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலில், சினம், துயரம், அச்சம், ஓயாத வீண் எண்ணங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து ஆராய்ந்தார். அஞ்சுவதை மீண்டும் மீண்டும் எதிர்கொண்டு பழகுவதை அச்சத்திற்கு மருந்தாகக் கூறினார். அன்றே அவர் இவற்றைச் சிகிச்சைக்கு உரியவையாகக் கண்டார்.

எதிர்கொள்ளும்போது மூளையில் என்ன நிகழ்கிறது? பழைய அச்சம் அழிவதில்லை. "இது ஆபத்தன்று" என்ற புதிய பாடம் அதன்மேல் எழுதப்படுகிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளையின் ஒரு பகுதி அப்பாடத்தைக் காத்து, அமிக்டலாவின் மணியை அடக்குகிறது. போர்ட்டோ ரிக்கோவில் இரு ஆய்வாளர்கள் இதனை எலிகளிடம் கண்டு 2002-இல் வெளியிட்டனர். ஓர் ஒலியைக் கேட்டால் அஞ்சி உறையுமாறு பழக்கப்பட்ட எலிகளுக்கு, அவ்வொலி எழும்போதே முன்மூளையின் அப்பகுதியை மெல்லிய மின்சாரத்தால் தூண்டினர். எலிகளின் அச்சம் குறைந்தது. மனிதரிலும் மூளையைத் தூண்டி அச்சத்தைத் தணிக்கலாம் என்ற நம்பிக்கைக்கு இத்தகைய ஆய்வுகள் வலுவூட்டின.

காந்தமும் மின்சாரமும்

மாறும் காந்தப் புலம் மின்சாரத்தை உண்டாக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்தார். அத்தத்துவத்தைக் கொண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆன்டனி பார்க்கரும் அவர் குழுவினரும் 1985-இல், தலைக்கு மேலே ஒரு கம்பிச் சுருளை வைத்து, மண்டையோட்டைத் திறக்காமலேயே மூளையைத் தூண்டிக் கையசைவை உண்டாக்கிக் காட்டினர். இதுவே டி.எம்.எஸ். எனப்படும் காந்தத் தூண்டல். மயக்க மருந்து தேவையில்லை. நோயாளி விழித்தபடியே நாற்காலியில் அமர்ந்திருப்பார். வாரத்திற்கு ஐந்து நாட்கள் வீதம் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் சிகிச்சை நடைபெறும். பலர் நினைப்பதுபோல் இது மின் அதிர்ச்சிச் சிகிச்சை அன்று.

வழக்கமான கம்பிச் சுருளின் தூண்டல் மூளையின் மேற்பரப்பில் ஓரிரு அங்குலத்திற்கு மேல் செல்வதில்லை. ஆழத்திலுள்ள அமிக்டலாவை அது நேரே தொடமுடியாது. ஆகவே மணியை விட்டுவிட்டு, மணியை அடக்கும் முன்மூளையை வலுப்படுத்த முயல்கிறார்கள்.

அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் மனச்சோர்வு நோய்க்கும், 2018-இல் ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோய்க்கும் காந்தத் தூண்டலை அனுமதித்தது. ஓ.சி.டி. என்பது நமக்குப் புதிதன்று. ஒளுச் செய்து முடித்தும் நிறைவின்றி மீண்டும் மீண்டும் அரைமணி நேரம் தண்ணீரில் நிற்பவரை, பூட்டிய கதவைப் பத்து முறை திரும்பி வந்து பார்ப்பவரை நாம் அறிவோம். வஸ்வாஸ் என்று கூறி விட்டுவிடுகிறோம். ஆலிம்களின் தெளிவான விளக்கமும் அவருக்குத் தேவை, மருத்துவமும் தேவை. அந்த 2018 அனுமதிக்கு ஆதாரமான, 100 பேரைக் கொண்ட ஆய்வில், உண்மையான தூண்டல் பெற்றோரில் 38 விழுக்காட்டினரும், போலித் தூண்டல் பெற்றோரில் 11 விழுக்காட்டினரும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர். பயன் உண்டு, ஆனால் பாதிப் பேருக்குக்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். மேலும், தூண்டலுக்குச் சற்று முன்பாக நோயாளியை அவர் அஞ்சும் எண்ணத்தைச் சிறிதளவு எதிர்கொள்ளச் செய்வதும் அச்சிகிச்சை முறையின் ஒரு பகுதி. இயந்திரம் தலைமேல் இருந்தபோதும் அச்சத்தை எதிர்கொள்ள வேண்டியவர் மனிதரே.

மூளைக்குள் மின்முனையைப் பொருத்தும் அறுவை சிகிச்சையும் உண்டு. பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1987 முதல் நடுக்க நோய்க்குப் பயன்பட்ட இம்முறை, 1999-இல் பெல்ஜியத்தில் கடுமையான ஓ.சி.டி. நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. பிற சிகிச்சைகள் எவையும் பயனளிக்காத மிகச் சிலருக்கு மட்டும் உரியது அது. பீதி நோய்க்கும், விபத்து, வன்முறை போன்றவற்றுக்குப் பின் நிலைத்துவிடும் அச்சத்திற்கும் காந்தத் தூண்டல் ஆராயப்பட்டு வருகிறது. முடிவுகள் ஒரே சீராக இல்லை.

அவசரம் வேண்டா என்பதற்கு வரலாறும் சான்று பகர்கிறது. மனநோய்க்காக முன்மூளையின் நரம்பு இழைகளைத் துண்டிக்கும் அறுவையைப் போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸ் 1935-இல் தொடங்கினார். 1949-இல் அவருக்கு நோபல் பரிசும் கிட்டியது. ஆனால் அவ்வறுவைக்கு உள்ளான பலர் உணர்வும் ஊக்கமும் இழந்து நடைப்பிணமாயினர். பரிசு பெற்ற சிகிச்சையே கைவிடப்பட்டது. எனவே "மூளைக்கு மின்சாரம் கொடுத்துப் பயத்தைப் போக்குகிறோம்" என்ற விளம்பரத்தைக் கண்டு நகையை அடகு வைத்து ஓடாதீர்கள். பேட்டரியையும் கம்பியையும் கொண்டு வீட்டிலேயே முயல்வது பேராபத்து. தலையில் உலோகத் தகடு, காதினுள் செவிக்கருவி, இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களும், வலிப்பு நோய் உள்ளவர்களும் அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, அச்ச நோயாளியைக் கோழை என்றோ நம்பிக்கை குறைந்தவர் என்றோ பழிக்காதீர்கள்.

இரண்டாவதாக, தைராய்டு, இதயம் போன்றவற்றில் கோளாறு உண்டா என்று ஒருமுறை முறையாகச் சோதித்த பின், மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். படிப்படியாக எதிர்கொள்ளும் பயிற்சியும் மருந்துகளுமே இன்றும் முதல் நிலைச் சிகிச்சைகள். அம்மருந்துகள் பயன்தரச் சில வாரங்கள் ஆகும். தாமாக நிறுத்தக்கூடாது. உடனே அமைதி தரும் மாத்திரைகளுள் சில பழக்கத்திற்கு அடிமையாக்குபவை. அவற்றைக் கடையில் கேட்டு வாங்கிப் பயன்படுத்தலாகாது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம்.

மூன்றாவது, குடும்பத்தாருக்கு. "பேருந்து வேண்டாம், ஆட்டோவில் போ. கடைக்கு நான் போகிறேன், நீ வீட்டிலிரு" என்று நாம் பாசத்தால் செய்வது நோய்க்கே உணவாகிறது. ஒவ்வொரு முறை விலகி ஓடும்போதும் "ஓடியதால் தப்பினேன்" என்று மூளை கற்றுக்கொள்கிறது. புதிய பாடம் எழுதப்படும் வாய்ப்பே இல்லாமற்போகிறது. அதற்காக ஒரே நாளில் கூட்டத்தின் நடுவே தள்ளிவிடவும் கூடாது. இன்று வாசல் வரை, நாளை தெருமுனை வரை, அடுத்த வாரம் பேருந்தில் ஒரு நிறுத்தம் வரை. மருத்துவர் வகுத்துத் தரும் படிகளில் அவருடன் கூடவே நடந்து, மெல்ல மெல்லக் கையை விடுங்கள்.

அச்சத்தைக் கற்ற மூளைக்கு அமைதியையும் கற்கும் ஆற்றல் உண்டு. காந்தமும் மின்சாரமும் அதற்குத் துணைக்கோல்கள். நடக்க வேண்டியவர் நோயாளி, உடன் நடக்க வேண்டியவர்கள் நாம்.