தோட்டத்திலிருந்து சியோலுக்கு

1982இல் மலேசியாவின் அன்றைய பிரதமர் மகாதீர் கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்தார். ஜப்பானிலும் தென் கொரியாவிலும் நம் மாணவர்கள் அரசு உபகாரச் சம்பளத்தில் படிக்க அது வழிவகுத்தது. கொரிய அரசும் தன் செலவில் வெளிநாட்டு மாணவர்களை அழைக்கிறது. கல்விக் கட்டணம், விமானச் சீட்டு, மாதப் படி எல்லாம் உண்டு. பட்டப்படிப்புக்கு முன் ஓராண்டு கொரிய மொழி வகுப்பு. கடினம்தான்.

வார இறுதியிலோ, சியோலில் 1395இல் எழுந்த கியோங்பொக்குங் அரண்மனை காத்திருக்கிறது. கொரியப் பாரம்பரிய உடையான ஹன்பொக் உடுத்திப் போனால் கட்டணமில்லை! தெற்கே கிம்ஹேயில், இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்ததாகச் சொல்லப்படும் ஒரு ராணியின் கல்லறை. நம் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டும்.

ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் இருக்கும் பெற்றோரே, ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இதெல்லாம் எட்டுமா என்று தயங்காதீர்கள். பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் இந்த வாரமே விசாரியுங்கள்.